ஒத்தை அணு தங்கக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 97 ஓமா, 12,906 ஓமா?

லவ்டேல்_எம்எஸ்சி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு தங்கக் கம்பிய ஒன்னோட ஒன்னு தொட வெச்சு மெதுவா பிரிச்சா, பிரியறதுக்கு முந்தின கணத்துல நடுவுல ஒரே ஒரு அணு மட்டும் ரெண்டு பக்கத்தையும் புடிச்சுட்டு நிக்கும்னு படிச்சேன். சரி அதோட ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ வரும்னு பேப்பர்ல போட்டு பாத்தேன். ப்ளஸ் டூ ஃபார்முலா தான், ரெசிஸ்டிவிட்டி இன்ட்டு நீளம் பை குறுக்குப் பரப்பு. தங்கத்துக்கு 2.2 × 10⁻⁸ ஓம் மீட்டர், அணுவோட விட்டம் 0.288 நானோமீட்டர், நீளமும் அதேன்னு வெச்சுக்கிட்டேன். 97 ஓம் வருது.

ஆனா இதை நிஜமா அளந்தவங்க எல்லாரும் 12,906 ஓம்னு எழுதறாங்க. 130 மடங்குக்கு மேல வித்தியாசம். இதுல இன்னொரு கூத்து, கம்பிய இன்னும் கொஞ்சம் இழுத்து அணுக்கள் வரிசையா நாலஞ்சு நின்னாலும் அதே 12,906 தானாம், நீளத்துக்கு ஏத்த மாதிரி கூடவே மாட்டேங்குதாம். தங்கம் அதே தங்கம் தான, அப்புறம் ஏன் இப்படி? புராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன், டிபார்ட்மெண்ட்ல ஒரு பழைய ஸ்டோரேஜ் ஆஸிலாஸ்கோப் சும்மா கெடக்கு.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

தம்பி நான் கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரில எலெக்ட்ரிகல் பாக்கறேன். நீ போட்ட கணக்கு கம்பிக்கு உண்டான கணக்கு. தொடற எடத்துக்கு அது செல்லாது. எங்க வாடல் தொட்டி ஃபேன் மோட்டார் காண்டாக்டர, அதாவது மோட்டார ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்ச எடுத்துக்கோ, உள்ள இருக்கற வெள்ளி முனை நல்லா கட்டியா தான் இருக்கு, ஃபார்முலா போட்டா ரெசிஸ்டன்ஸ் இல்லாத மாதிரி தான் வரும், ஆனா ஜூலை மழைல ஈரம் புடிச்சு மேல கறுப்பா படிஞ்சுதுன்னா கை வைக்க முடியாத சூடு. எல்லாம் மேல படியற அழுக்கு பண்ற வேலை. உன்னோட 12,906லயும் அழுக்கு தான் இருக்கும்னு என் எண்ணம்.

மேட்டுப்பாளையம்_மணி

தங்கம் விக்கற வெலைக்கு நம்மளால ஒத்தை அணு தானுங்க வாங்க முடியும், தம்பி கரெக்டான புராஜெக்ட் தான் புடிச்சிருக்காப்ல

கொடை_டீச்சர்

ஃபோர்மேன் சார் சொல்றதுல பாதி சரி. ஆனா அழுக்கா இருந்தா ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் நம்பர் மாறணும்ல? ஜப்பான்ல அளந்தாலும் நெதர்லாந்துல அளந்தாலும் தங்கம் அதே எடத்துல வந்து நிக்குது. 1998ல ஜப்பான்ல ஓனிஷி, கோண்டோ, தகயனாகி மூணு பேரும் வெற்றிடத்துல எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு உள்ளயே வெச்சு இழுத்து, அணு வரிசைய கண்ணால பாத்துக்கிட்டே கூட கரண்ட்டையும் அளந்தாங்க. அங்க அழுக்குக்கு எடமில்ல.

தம்பி, உன் ஃபார்முலா எந்த எடத்துல கை விடுதுன்னு பாப்போம். ரெசிஸ்டிவிட்டிங்கற நம்பரே, எலெக்ட்ரான் போற வழில அடிக்கடி எதுலயாவது மோதி திசை மாறுதுங்கற கணக்குல வர்றது. 1900ல ட்ரூட் போட்ட படம் அது. தங்கத்துல ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவுல சராசரியா 38 நானோமீட்டர் தூரம், செம்புல 39, வெள்ளில 50க்கு கொஞ்சம் மேல, இதெல்லாம் ரூம் டெம்பரேச்சர்ல. எலெக்ட்ரானோட வேகம் செகண்டுக்கு 14 லட்சம் மீட்டர். அப்ப மோதலுக்கு மோதல் 27 ஃபெம்டோசெகண்ட் ஆவுது. உன்னோட ஒத்தை அணுவ தாண்டறதுக்கு அதுக்கு 0.2 ஃபெம்டோசெகண்ட் போதும். மோதறதுக்கு நேரமே இல்லாத எடத்துல மோதல வெச்சு வந்த நம்பர போட்டா விடை எப்படி வரும்.

தொடற எடத்துக்கு ரெண்டு பழைய ஃபார்முலா இருக்கு. தொடற எடத்த கரண்ட் போற ஒரு ஓட்டைன்னு வெச்சுக்கோ. ஓட்டை பெருசா இருந்தா மேக்ஸ்வெல்லோடது, ரெசிஸ்டிவிட்டிய ஓட்டையோட விட்டத்தால வகுத்தா முடிஞ்சது. மோதல் தூரத்த விட ஓட்டை சின்னதா போச்சுன்னா ஷார்வின், 1965. அதுல ரெசிஸ்டன்ஸ் ஓட்டையோட பரப்புக்கு தலைகீழா போகும். செம்புல 10 நானோமீட்டர் ஆரம்னு போட்டு பாத்தா மேக்ஸ்வெல் 0.84 ஓம், ஷார்வின் 2.8. ஆரம் 1 நானோமீட்டர்னா 8.4க்கு எதிரா 278. பாத்தியா எப்படி தாவுதுன்னு. இதே ஷார்வின்ல தங்க அணுவோட ஆரம் 0.144 நானோமீட்டர போடு, 17,000 ஓம் கிட்ட வருது. 12,906 இல்லதான், ஆனா 97ல மாட்டிக்கிட்டு நின்ன ஆளுக்கு இது பெரிய ஏத்தம்.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

டீச்சர் நல்லா சொன்னீங்க, அப்ப எங்க காண்டாக்டர் எந்த கணக்குல வரும்?

கொடை_டீச்சர்

மேக்ஸ்வெல் தான் சார். ரெண்டு வெள்ளி முனையும் கண்ணுக்கு முழுசா ஒட்டின மாதிரி தெரியும், நிஜத்துல அங்கங்க துருத்திட்டு இருக்கற மேடு மட்டும் தான் தொடும். நூத்துல ஒரு பங்கு பரப்பு கூட தேறாது. ஸ்பிரிங் எவ்ளோ அழுத்துது, வெள்ளி எவ்ளோ மெத்துன்னு இருக்குங்கறது தான் தொடற பரப்ப முடிவு பண்ணும், முனையோட சைஸ் இல்ல. மொத்தமும் சேந்து 10 மைக்ரோமீட்டர் ஆரம் உள்ள ஒரே புள்ளின்னு வெச்சா 0.8 மில்லி ஓம். 30 ஆம்பியர் ஓடினா அந்தப் புள்ளில 24 மில்லிவோல்ட்.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

ஆமா நல்ல காண்டாக்டர்ல லோடோட வெச்சு முனைக்கு முனை மல்ட்டிமீட்டர் புடிச்சா அந்த ரேஞ்சுல தான் காட்டும். கருகினதுல நூறுக்கு மேல போயிருக்கு.

முத்தோரை_மூடுபனி

நூறு வந்தா மாத்திடுங்க அண்ணே. ராக்னர் ஹோல்ம்னு இந்த காண்டாக்ட் விஷயத்துலயே வாழ்க்கை பூரா உக்காந்த மனுஷன், தொடற புள்ளியோட சூட்ட அங்க விழுற வோல்டேஜே சொல்லிடும்னு காட்டினார். வெள்ளிக்கு 90 மில்லிவோல்ட் கிட்ட வந்தா அந்தப் புள்ளி இளக ஆரம்பிக்கும், 370ல உருகிடும். மீட்டர்ல தெரியற வோல்டேஜ்ல பித்தளைப் பட்டை, ஸ்க்ரூன்னு மத்ததோட பங்கும் இருக்கும், அதை கழிச்சுட்டு பாருங்க. அப்புறம் தயவுசெஞ்சு வெள்ளி முனைய எமரி பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, எல்லா ஃபேக்டரிலயும் இதைத்தான் பண்றாங்க, உள்ள இருக்கற வெள்ளி தேஞ்சு போறது தான் மிச்சம்.

தம்பிக்கு வர்றேன். டீச்சர் 17,000 வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டாங்க, மிச்ச தூரத்துக்கு எலெக்ட்ரான அலையா பாக்கணும். தங்கத்துக்குள்ள கரண்ட்ட சுமக்கற எலெக்ட்ரானோட அலைநீளம் 0.52 நானோமீட்டர். கம்பியோட அகலம் அதுல பாதிக்கு வந்துடுச்சுன்னா குறுக்குவாட்டுல ஒரே ஒரு அரை அலை தான் நுழையும். அதைத்தான் ஒரு சேனல்னு சொல்றது. அகலம் கூடினா ரெண்டு, மூணுன்னு சேனல் கூடும், ஒன்றரை சேனல்னு ஒன்னு கிடையாது.

இப்ப ஒரு சேனல்ல எவ்ளோ கரண்ட் போகும்? ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 50 மில்லிவோல்ட் வெச்சிருக்கன்னு எடுத்துக்கோ. அந்த ஆற்றல் இடைவெளிக்குள்ள ஒரு எலெக்ட்ரான அடக்கணும்னா அதுக்கு குறைஞ்சபட்ச நேரம் ஒன்னு வேணும், பிளாங்க் மாறிலிய அந்த ஆற்றலால வகுத்தா வர்றது, இங்க 83 ஃபெம்டோசெகண்ட். பவுலி விதிப்படி அந்த நேரத்துக்குள்ள ரெண்டே எலெக்ட்ரான், மேல் சுழற்சி (ஸ்பின்) ஒன்னு கீழ் சுழற்சி ஒன்னு. 83 ஃபெம்டோசெகண்டுக்கு ரெண்டுன்னு கணக்கு போட்டா 3.87 மைக்ரோ ஆம்பியர். 50 மில்லிவோல்ட்ட அதால வகுத்துப் பாரு, 12,906 ஓம் வந்து உக்காரும். இதுல தங்கம்ங்கற பேரு எங்கயாவது வந்துச்சா? எலெக்ட்ரான் சார்ஜும் பிளாங்க் மாறிலியும் மட்டும் தான். 2019ல எஸ்ஐ அலகுகள மாத்தினப்போ அது ரெண்டையும் நிலையான எண்ணா கட்டிப் போட்டுட்டாங்க, அதனால இந்த நம்பர்ல அளவுப் பிழைன்னு ஒன்னே இல்ல. ரெண்டால பெருக்கினா 25,812, கிளிட்ஸிங் 1980ல கண்டுபுடிச்ச குவாண்டம் ஹால் நம்பர், அதுக்குத்தான் 1985ல நோபல் குடுத்தாங்க.

இந்த பார்வைய மொதல்ல வெச்சவர் ரோல்ஃப் லேண்டவர், ஐபிஎம், 1957. அப்ப ரொம்ப பேர் கண்டுக்கல. 1988ல டெல்ஃப்ட்லயும் கேம்பிரிட்ஜ்லயும் செமிகண்டக்டர்ல படி படியா கண்டக்டன்ஸ் (ரெசிஸ்டன்ஸோட தலைகீழ்) ஏறறத தனித்தனியா அளந்து காட்டினதுக்கு அப்புறம் தான் எல்லாரும் திரும்பி பாத்தாங்க.

மேட்டுப்பாளையம்_மணி

எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றனுங்க. மே மாசம் நம்ம கல்லார் செக்போஸ்ட் மாதிரி. கீழ மேட்டுப்பாளையத்துல வண்டி அத்தனையும் குவிஞ்சு நிக்கும், இ-பாஸ் பாத்து ஒன்னொன்னா விடுவாங்க, தாண்டிட்டா பர்லியார் வரைக்கும் சும்மா போயிட்டே இருக்கலாம். ரோடு ரெண்டு மைல் இருந்தாலும் பத்து மைல் இருந்தாலும் மேல போய் சேர்ற வண்டிக் கணக்கு ஒன்னு தான், செக்போஸ்ட் தான் முடிவு பண்ணுது. அதான் அணு நாலு வரிசையா நின்னாலும் அதே ரெசிஸ்டன்ஸ். கரெக்டுங்களா?

முத்தோரை_மூடுபனி

நீளத்த பத்தி சொன்னது அருமை மணி. மத்தபடி ஒரு எடத்துல இடிக்குது, எலெக்ட்ரான் வாசல்ல க்யூல நிக்காது. உள்ள நுழைய எடம் கெடைக்காதது வந்த வழியே திரும்பி போயிடும், மேட்டுப்பாளையத்துக்கே. அகலமான பக்கத்துல ஆயிரக்கணக்கான சேனல், ஒடுக்கத்துல ஒன்னு. திரும்பி போறது தான் நமக்கு ரெசிஸ்டன்ஸா தெரியுது.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

இங்க தான் எனக்கு ஒதைக்குது. ரெசிஸ்டன்ஸ்னு ஒன்னு இருந்தா சூடு வரணும், 40 வருஷமா அதான் பாத்துட்டு இருக்கேன். மோதலே இல்லன்னு சொல்றீங்க. மோதாம சூடு எங்கேருந்து வரும்? சூடு இல்லன்னா பவர் எங்க போச்சு? வோல்ட் இன்ட்டு ஆம்பியர் எங்கயாவது போய் தான தீரணும், எந்த ஊர் கணக்கா இருந்தாலும்.

கொடை_டீச்சர்

நல்ல கேள்வி சார், இதுல தான் பெரிய பெரிய ஆளுங்களே ரொம்ப நாள் சண்டை போட்டுட்டு இருந்தாங்க.

பவர் எங்கயும் காணாம போகல. எலெக்ட்ரான் ஒடுக்கத்த தாண்டி அந்தப் பக்கம் போய் சேரும்போது 50 மில்லிவோல்ட் அளவுக்கு கூடுதல் ஆற்றலோட தான் எறங்குது. எறங்கின பெறகு அகலமான தங்கத்துக்குள்ள ஓடி, அங்க இருக்கற அணுக்கள் மேல மோதி கொஞ்சம் கொஞ்சமா விடுது. ஒடுக்கத்தோட சைஸோட பாத்தா அது ரொம்ப தூரம் தள்ளி. அதாவது ரெசிஸ்டன்ஸ் ஒரு எடத்துல, சூடு வேற எடத்துல. உங்க காண்டாக்டர்ல ரெண்டும் ஒரே புள்ளில நடக்கறதால பிரிச்சு பாக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு வரல.

இதுக்கு சாட்சி வேணும்னா கரண்ட் அடர்த்திய பாருங்க. நம்ம வீட்டு 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல 10 ஆம்பியர் விட்டா சதுர மீட்டருக்கு 40 லட்சம் ஆம்பியர். தங்க ஒத்தை அணு 1 வோல்ட் கிட்ட தாங்கும், அப்ப 77 மைக்ரோ ஆம்பியர், அதை அந்த பரப்பால வகுத்தா வீட்டு வயர விட சுமார் 30 கோடி மடங்கு. அவ்ளோ சூடும் அந்த அணுவுலயே எறங்குச்சுன்னா அது எப்பவோ ஆவி. எறங்கறது அதுல சின்ன பங்கு தான், அதான் நிக்குது.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

30 கோடி மடங்கா. சரி ஒத்துக்கறேன். ஆனா ரெசிஸ்டன்ஸ் இங்க சூடு அங்கன்னு எங்க மேனேஜர் கிட்ட சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்.

கேத்தி_டு_பெங்களூரு

லேட்டா வந்துட்டேன். சொந்த ஊரு கேத்தி, இப்ப பெங்களூருல சிப் டிசைன்ல இருக்கேன். இதெல்லாம் லேப் வெளையாட்டுன்னு யாரும் நெனச்சுடாதீங்க, எங்க பொழப்பே இதுல தான் ஓடுது.

சிப்புக்குள்ள டிரான்சிஸ்டர இணைக்கற கம்பி முன்னாடி அலுமினியம், 1997ல ஐபிஎம் செம்புக்கு மாறப் போறோம்னு அறிவிச்சாங்க, அப்புறம் எல்லாரும் பின்னாடியே வந்தாங்க, காரணம் ரெசிஸ்டிவிட்டி கம்மி, கூடவே கரண்ட் தள்ளி தள்ளி அணுவே எடம் பெயர்ந்து கம்பி அத்துப் போற பிரச்சனையும் செம்புல கம்மி. இதெல்லாம் கம்பி அகலம் நூத்துக்கணக்கான நானோமீட்டர் இருந்த காலம். இப்ப அடி லேயர்ல கம்பி அகலம் 20 நானோமீட்டருக்கும் கீழ. டீச்சர் சொன்ன 39 நானோமீட்டர நெனச்சுக்கோங்க, எலெக்ட்ரான் வழக்கமா மோதற எடத்துக்கு போறதுக்கு முன்னாடியே கம்பியோட செவுத்துல இடிக்குது. செவுத்துல இடிக்கறத 1938ல ஃபூக்ஸும் 1952ல சோண்ட்ஹைமரும் கணக்கு போட்டாச்சு, செம்போட படிகத்துணுக்குகளுக்கு நடுவுல இருக்கற எல்லைல இடிக்கறத 1970ல மயடாஸும் ஷாட்ஸ்கஸும் போட்டாச்சு, அப்ப யாருக்கும் பெருசா தேவைப்படல, இப்ப நாங்க தெனம் அதை வெச்சு தான் மாரடிக்கறோம். இதுல செம்பு பக்கத்துல இருக்கற பொருளுக்குள்ள ஊறி போயிடக் கூடாதுன்னு சுத்தி டான்டலம் நைட்ரைடு மாதிரி ஒரு லைனர் வேற போடணும், அதுவே சில நானோமீட்டர் எடத்த புடிச்சுக்கும், செம்புக்கு மிஞ்சறது கொஞ்சம் தான்.

அதனால தான் கோபால்ட், ருத்தேனியம்னு போறாங்க. இன்டெல் அவங்க 10 நானோமீட்டர் தலைமுறைல அடி லேயர்ல கோபால்ட் போட்டாங்க. ருத்தேனியம் கட்டியா இருக்கும்போது செம்ப விட நாலு மடங்குக்கு மேல மோசம். ஆனா அதுல மோதல் தூரம் 7 நானோமீட்டர் கிட்ட தான், ஏற்கனவே அடிக்கடி மோதிட்டு இருக்கறவனுக்கு செவுரு கிட்ட வந்தா பெருசா ஒன்னும் ஆகிடாது. அதனால கம்பி மெலிய மெலிய செம்பு தான் வேகமா கெட்டு போகும், ஒரு கட்டத்துல ருத்தேனியம் முந்திடும். எனக்கு தனிப்பட்ட முறைல கோபால்ட் மேல பெரிய நம்பிக்கை கெடையாது, அது வேற சண்டை.

லவ்டேல்_எம்எஸ்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்ப கேள்வி, இதை ஊட்டில உக்காந்துட்டு பண்ண முடியுமா? வெற்றிட பம்ப்பு, ஹீலியம் எதுவும் எங்க கிட்ட இல்ல. ஜனவரில உறைபனி விழுதுல்ல, அந்த குளிர்ல பண்ணா ரெசிஸ்டன்ஸ் கொறஞ்சு நல்லா வருமா?

முத்தோரை_மூடுபனி

முடியும். 1995ல மாட்ரிட்ல கோஸ்டா-கிரேமர் குழு சாதாரண ரெண்டு உலோகக் கம்பிய மேசை மேல தொட வெச்சு, மேசைய தட்டினாங்க, அவ்ளோ தான். அதிர்வுல கம்பி தொட்டு தொட்டு விலகும், ஒவ்வொரு வாட்டி விலகும்போதும் கடைசில அணு அளவு கழுத்து ஒன்னு உருவாகி அறுந்து போகும். காத்துல, ரூம் டெம்பரேச்சர்ல. தங்கத்த எடுத்துக்கறது அது ஆக்சைடு கட்டாதுங்கறதுக்காக. நீ லவ்டேல்ல இருக்க, ரயில் போனாலே மேசை ஆடும், தட்டறதுக்கு கூட ஆள் வேண்டாம்.

குளிர பத்தி கேட்டியே, 20 டிகிரிலேருந்து 0க்கு போனா உன் தங்கக் கம்பியோட சாதா ரெசிஸ்டன்ஸ் 7 சதவீதம் கிட்ட கொறையும். 12,906 அசையாது, அதுல டெம்பரேச்சரே இல்லையே. பனிய விட உனக்கு எதிரி ஈரம் தான், மூடுபனி நாள்ல கம்பி மேல தண்ணிப் படலம் புடிச்சா அளவு ஆட ஆரம்பிக்கும், ஜன்னல சாத்திட்டு டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வெய்.

கம்பி நகைக்கடை 916 வேண்டாம், அதுல செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். பத்தர் யாராவது தெரிஞ்சா 24 கேரட்ல துளைத் தகடு வழியா மெல்லிசா இழுத்து ஒரு விரல் நீளம் தரச் சொல்லு. வோல்டேஜ் 50 மில்லிவோல்ட் போதும், கரண்ட்ட ஒரு ஆப்-ஆம்ப் வெச்சு வோல்டேஜா மாத்து, ஃபீட்பேக்ல 100 கிலோ ஓம். ஒரு சேனலுக்கு 0.4 வோல்ட் கிட்ட ஸ்கோப்ல ஒரு படி தெரியும். படி மைக்ரோசெகண்ட் கணக்குல தான் நிக்கும், சிங்கிள் ட்ரிகர்ல புடி.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோ. படி தெரிஞ்சதுமே குவாண்டம்னு ரிப்போர்ட்ல எழுதிடாத. கழுத்து மெலியறது அணு அணுவா தான், அதனால குவாண்டமே இல்லாட்டியும் கண்டக்டன்ஸ் தாவித்தான் எறங்கும். 1996ல மாட்ரிட்லயே இழுக்கற விசையையும் கூடவே அளந்தாங்க, ஒவ்வொரு தாவலப்பவும் விசையும் டக்குனு மாறுச்சு, அதாவது அணுக்கள் எடம் மாறி உக்காருது. குவாண்டம்னு சொல்ல வைக்கறது படி எந்த உயரத்துல நிக்குதுங்கறது தான். அதுக்கும் உலோகத்துக்கு உலோகம் கதை வேற. முழுசா தொறந்த ஒரு சேனலோட கண்டக்டன்ஸ, அதாவது 12,906ஓட தலைகீழ, 1னு வெச்சு எந்த உயரம் எத்தன வாட்டி வருதுன்னு ஹிஸ்டோகிராம் போட்டா, சோடியத்துல 1, 3, 5, 6னு பீக் வரும், 2ம் 4ம் இருக்காது, உருளை வடிவ கழுத்துல சில சேனல் ஜோடியா தான் தொறக்கும். அலுமினியத்துல ஒத்தை அணுவுலயே மூணு சேனல், ஆனா எதுவும் முழுசா தொறக்காது, மூணையும் கூட்டினா ஒன்னு கிட்ட வந்து ஏமாத்தும். நயோபியத்துல அஞ்சு. கடைசி ஆர்பிட்டல்ல என்ன இருக்குங்கறது அதை முடிவு பண்ணுது, 1998ல இதை சுத்தமா காட்டிட்டாங்க. தங்கத்துக்கு ஒத்தை எலெக்ட்ரான், ஒத்தை சேனல், கிட்டத்தட்ட முழுசா தொறந்தது. அதனால தான் எல்லாரும் தங்கத்த புடிச்சு தொங்கறோம்.

மேட்டுப்பாளையம்_மணி

பத்தர் கிட்ட விரல் நீளம் 24 கேரட் கேட்டா எந்த முகூர்த்தத்துக்குன்னு கேப்பாருங்க

லவ்டேல்_எம்எஸ்சி

பண்ணியாச்சு. படி வருது, நெஜமாவே வருது, ஸ்கோப் ஸ்க்ரீன்ல கோடு சரசரன்னு எறங்கி ஒரு எடத்துல நேரா நின்னு அப்புறம் டப்புனு பூஜ்யத்துக்கு விழுது, கூட படிக்கறவங்க எல்லாம் வந்து நின்னு பாத்துட்டு போறாங்க. அறுபடற ட்ரேஸ ஆயிரக்கணக்குல சேத்து ஹிஸ்டோகிராம் போட்டேன். பீக் சுத்தமா தெரியுது, ஆனா 1, 2, 3ல இல்ல. 0.97, 1.88, 2.74. மேல போகப் போக விலகல் கூடிட்டே போகுது. தங்கத்துலயும் சேனல் முழுசா தொறக்கலன்னு அர்த்தமா? கைட் அப்படித்தான் எழுத சொல்றார்.

கொடை_டீச்சர்

எழுதறதுக்கு முன்னாடி ஓமுக்கு மாத்தி பாரு கண்ணு. 12,906ஐ 0.97ஆல வகுத்தா 13,305, இருக்க வேண்டியது 12,906, அதிகம் 399. ரெண்டாவது 6,865, இருக்க வேண்டியது 6,453, அதிகம் 412. மூணாவது 4,710, இருக்க வேண்டியது 4,302, அதிகம் 408. மூணுலயும் 400 சொச்சம் ஓம் ஒரே மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. சேனல் பாதி தொறந்திருந்தா இவ்ளோ ஒழுங்கா வராது. எங்கயோ சீரியஸ்ல ஒரு ரெசிஸ்டர் உக்காந்திருக்கு.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

க்ரோக்கடைல் கிளிப் லூஸா இருக்கும் தம்பி, ஒரு வாட்டி எல்லாத்தையும் இறுக்கிப் பாரு.

முத்தோரை_மூடுபனி

லூஸ் கிளிப்புக்கு 400 ஓம் ரொம்ப அதிகம் அண்ணே, அதுவும் இப்படி நெலையா நிக்காது, ஆடும். தம்பி, 50 மில்லிவோல்ட் எப்படி எடுக்கற? சர்க்யூட்ட போடு.

லவ்டேல்_எம்எஸ்சி

1.5 வோல்ட் பேட்டரி, 12 கிலோ ஓமும் 430 ஓமும் டிவைடர். 430க்கு குறுக்க 52 மில்லிவோல்ட் வருது, அங்கேருந்து நேரா கம்பிக்கு.

முத்தோரை_மூடுபனி

12 கிலோவையும் 430ஐயும் பேரலல்ல போடு, 415 ஓம். உன் சோர்ஸோட உள் ரெசிஸ்டன்ஸ் அது தான், தங்கத்தோட சீரியஸ்ல வருது. டிவைடருக்கும் கம்பிக்கும் நடுவுல யூனிட்டி கெயின்ல ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் போடு, இல்லன்னா டிவைடர 120 ஓம், 4.3 ஓம்னு எறக்கு, பேட்டரி சீக்கிரம் போயிடும் பரவால்லன்னா. இப்ப கையில இருக்கற டேட்டாவையும் தூக்கிப் போட வேண்டாம், ஒவ்வொரு பாயிண்ட்லேருந்தும் 415 ஓம கழிச்சுட்டு ஹிஸ்டோகிராம திரும்ப போடு.

லவ்டேல்_எம்எஸ்சி

கழிச்சு போட்டேன். 1.00, 2.00, 3.01. மூணாவது பீக் மட்டும் நல்லா அகலமா இருக்கு, அதுக்கு மேல ஒன்னும் பிரிஞ்சு தெரியல. கைட் கிட்ட டீச்சர் போட்ட அந்த மூணு வரி கணக்க காட்டினேன், பஃபர் போட்டு எடுத்த செட்டயும் பக்கத்துல வெச்சு குடுக்க சொல்லிட்டார்.

கேத்தி_டு_பெங்களூரு

மூணு அகலமா வர்றது எல்லாருக்கும் அப்படித்தான். அணு கூடக் கூட அது அடுக்கி உக்காரக் கூடிய விதமும் கூடுது, ஒவ்வொன்னுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேற கண்டக்டன்ஸ், எல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கும். அதுக்காக பின் சைஸ மாத்தி மாத்தி பீக்க வரவழைக்காத.

ஃபேக்டரி_ஃபோர்மேன்

தம்பி சுத்த வெள்ளி கம்பி கொஞ்சம் நான் வாங்கி தரேன், வெள்ளிக்கும் ஒன்னுல தான் நிக்குமான்னு எனக்கு பாக்கணும். நாளைக்கு ஃபேக்டரி வண்டி ஊட்டி வருது, டிரைவர் கிட்ட குடுத்து விடட்டுமா?

முத்தோரை_மூடுபனி

நிக்கணும் அண்ணே, அதுக்கும் கடைசி எலெக்ட்ரான் ஒத்தை தான். ஆனா குடுத்து விடறப்போ காத்து போகாத கவர்ல போட்டு குடுங்க, வழில கந்தகம் புடிச்சு கறுத்துச்சுன்னா நீங்க மொதல்ல சொன்ன அழுக்கு கதை தான் வரும். தம்பி, கம்பி வந்ததும் முனைய புது பிளேடால வெட்டிட்டு உடனே அளக்க ஆரம்பிச்சுடு.